உள்ளேன் டீச்சர்

முதல் நாள் ஜோதி மேரி ஆறாம் வகுப்பில் பெயர் வாசித்தபோது ஒரு பிள்ளைகூட உடனே பதில் சொல்லவில்லை.

அவள் வழக்கம்போலத் தலையைக் குனிந்துகொண்டுதான் வாசித்தாள். சிதம்பரத்தில் பல வருடம் பெயர் வாசித்துப் பழகிய வாய் அது. கண் பதிவேட்டில் இருக்கும், காது வகுப்பில் இருக்கும், 'உள்ளேன் டீச்சர்' என்று சத்தம் வந்ததும் விரல் தன்பாட்டுக்குக் கோடு போடும். பிள்ளைகளின் முகத்தைப் பார்த்து வருகை போடும் வழக்கம் அவளுக்கு என்றைக்கும் கிடையாது. "மணிவண்ணன்" என்றாள். சத்தமில்லை. நிமிர்ந்தால், பெஞ்சு நிறையப் பிள்ளைகள். எல்லோரும் அவள் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இன்னொரு முறை கூப்பிட்டாள். அதற்கும் சத்தமில்லை. மூன்றாம் முறை எரிச்சலோடு கூப்பிட்ட பிறகுதான், நடு வரிசையிலிருந்த நெட்டைப் பையன், தன் பெயர் அப்போதுதான் ஞாபகம் வந்தவனைப் போல எழுந்து, "உள்ளேன் டீச்சர்" என்றான்.

அடுத்த பிள்ளையும் அப்படித்தான். அதற்கடுத்ததும் அப்படித்தான். மூன்று முறை கூப்பிட்டால்தான் எழுந்தார்கள். பெயர் வாசித்து முடிப்பதற்குள் முதல் பீரியட் போய்விட்டது. புதிதாக வந்த டீச்சரை ஆழம் பார்க்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டாள்.

தானே புயல் அடித்துப்போய், பொங்கலும் பேருக்குக் கழிந்திருந்த தை மாதம் அது. கடலூர் முதுநகரைத் தாண்டி, உப்பனாற்றின் ஓரத்தில் இருந்த அந்த நகராட்சி நடுநிலைப் பள்ளியில் கரண்ட் இன்னும் வரவில்லை. வாசலில் நின்ற தூங்குமூஞ்சி மரம் வேரோடு சாய்ந்து, அறுத்து எடுக்க ஆளில்லாமல் கிடந்தது. பாதி ஓடு பறந்துபோன வகுப்புகளில் ஒரு பக்கம் வெயிலும் மறு பக்கம் இருட்டுமாக இருந்தது. ஈரச்சுவரின் வாடையும், சேற்றின் வாடையும், அழுகிப்போன இலையின் வாடையும் கலந்து வந்தாலும், ரசாயன ஆலைகள் புகையும் குடிகாடு வழியாகத் தினமும் பஸ்ஸில் வந்துபோகிற ஜோதி மேரியின் மூக்குக்கு அதெல்லாம் ஒரு பொருட்டில்லை. தட்சிணாமூர்த்தி என்ற வாத்தியார் புயலுக்கு மறுநாளிலிருந்து நீண்ட விடுப்பில் போய்விட்டதால், மஞ்சக்குப்பம் கல்வி ஆபீஸில் அவளைக் கூப்பிட்டு மாற்றுப் பணி உத்தரவைக் கையில் கொடுத்து, கொஞ்ச நாளைக்குத்தான் என்றார்கள். அரசாங்கத்தின் கொஞ்ச நாளுக்கு நீள அகலம் கிடையாது என்பது அவளுக்குத் தெரியாததா என்ன. பேசாமல் வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

அவளுக்குக் கொஞ்ச காலமாகவே எதுவும் உறைப்பதில்லை. கடைசியாக வயிற்றில் தங்காமல் போன குழந்தைக்கு அவள் அழக்கூட இல்லை. கீரப்பாளையம் ஆபீஸில் வேலை பார்க்கும் அவள் கணவன் தைரியராஜ்தான் பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுதான். அவள் வெளியே நின்று, தண்ணீர் வீணாகிறதே என்று நினைத்தாள். மாதாகோயிலுக்குப் போவாள், முழங்காலில் நிற்பாள், முழங்கால் வலிப்பது மட்டும் தெரியும். வேலைக்கு வருவதும் அப்படித்தான்.

தலைமை ஆசிரியர் சுப்பராயலு அன்று மதியம் அவளை வராந்தாவில் பிடித்தார். ஓய்வு பெறக் கொஞ்ச காலமே பாக்கியிருந்த, சட்டைப் பையில் எப்போதும் மாத்திரை அட்டை துருத்திக்கொண்டிருக்கிற மனிதர். இந்தப் பள்ளியில் பெயர் கூப்பிட்டு வருகை எடுப்பதில்லை, ஆளைப் பார்த்துப் போட்டுக்கொள்வதுதான் பழக்கம் என்றார். ஏன் என்று கேட்டதற்கு, அப்படியே வந்துவிட்டது என்று சொல்லி ஆற்றுப் பக்கம் பார்த்தார். சோம்பேறித்தனத்துக்கு ஒரு சம்பிரதாயமா என்று அவளுக்குத் தோன்றியது. நகராட்சிப் பள்ளி என்றால் கேட்க ஆளில்லை, வேறென்ன.

அவள் விடவில்லை. கோபமெல்லாம் இல்லை, கோபப்படவும் தெம்பு வேண்டும். பெயர் வாசித்தால் பதில் வரவேண்டும், ஒரே தடவையில் வரவேண்டும், அவ்வளவுதான். தினமும் காலையில் வாசித்தாள். பதில் சொல்லாத பிள்ளையை நிற்கவைத்தாள். பிள்ளைகள் நின்றார்கள். நின்றபடியே வராந்தாவின் கிழக்குக் கோடியைப் பார்த்தார்கள். அங்கே ஆற்றை ஒட்டி ஒரு பெரிய அறை பூட்டிக் கிடந்தது. உடைந்த பெஞ்சுகள் போட்டு வைத்திருப்பதாக யாரோ சொல்லியிருந்தார்கள்.

முதலில் வழிக்கு வந்தவள் மோனிகா.

முன் பெஞ்சுக்காரி. எண்ணெய் வழியும் ரெட்டைச் சடை, மேல் வரிசையில் ஒரு பல் சற்றே முன்னால், அருகில் வந்தால் தேங்காயெண்ணெயும் கருவாடும் சேர்ந்து மணக்கும். அவள் அம்மா திலகவதி மீன் விற்பவள். ஒரு காலை ஜோதி மேரி "மோனிகா" என்று சொல்லி வாயை மூடுவதற்குள், "உள்ளேன் டீச்சர்" என்று கத்திவிட்டு, கத்தியதற்குப் பயந்து வாயைப் பொத்திக்கொண்டு, பிறகு விரலிடுக்கில் சிரித்தாள். ஜோதி மேரிக்கும் சிரிப்பு வந்தது. சிரித்து எத்தனை காலமாயிற்று என்று பஸ்ஸில் போகும்போது நினைத்துப் பார்த்தாள். மறுநாள் சிதம்பரம் மேலவீதியில் சிவப்பு ரிப்பன் வாங்கி வந்து அவளுக்குக் கொடுத்தாள்.

"அம்மா திட்டுது டீச்சர்" என்றாள் மோனிகா, ரிப்பனைப் பார்த்தபடியே.

"ரிப்பனுக்கா?"

"இல்ல. ஒரே தடவையில பதில் சொல்றேன்னு."

"கூப்பிடறது நான்தானே? என் குரல் உனக்குத் தெரியாதா?"

"தெரியும் டீச்சர்."

"அப்புறம் என்ன? என் குரல் கேட்டா உடனே பதில் சொல்லு. யாரும் திட்ட மாட்டாங்க."

மோனிகாவைப் பார்த்து மற்றதுகளும் படிந்தன. தை முடிவதற்குள் ஆறாம் வகுப்பு முழுக்க ஒரே கூப்பிடலுக்குப் பதில் சொன்னது. ஜோதி மேரி தலையைக் குனிந்தபடி நிம்மதியாக வாசித்தாள்.

புயலில் நாசமானவற்றில் வாசலுக்கருகே மாட்டியிருந்த பள்ளி வரலாற்றுப் பலகையும் ஒன்று. மழையில் எழுத்தெல்லாம் கரைந்து வெறும் நீலமாகிவிட்டது. ஆண்டு விழாவுக்கு முன்னால் அதைத் திரும்ப எழுதவேண்டும், உங்கள் கையெழுத்து நன்றாக இருக்கிறது என்று சுப்பராயலு அவளைக் கேட்டுக்கொண்டார். சாயங்காலங்களில் அவர் சொல்லச் சொல்ல அவள் குறித்துக்கொண்டாள். வெள்ளைக்காரன் காலத்தில் துறைமுகக் கூலிகளின் பிள்ளைகளுக்காகத் திறந்த தொடக்கப் பள்ளி. பிறகு நடுநிலைப் பள்ளியாக உயர்ந்தது. சுப்பராயலுவே இங்கே படித்தவர், அவருடைய அப்பாவும் படித்தவர்.

"அப்பா காலத்துல பேரு கூப்பிட்டா ஆஜர் சார்னு சொல்லணுமாம்" என்றார். "நாங்க படிக்கறப்ப பிரசென்ட் சார். அப்புறம் தமிழ்ல உள்ளேன் ஐயா. அது ஒன்னுதான் மாறிக்கினே வந்துச்சு. கட்டடம் அதேதான்."

ஊருக்கு எது வந்தாலும் இந்தப் பள்ளியைத்தான் திறப்பார்கள் என்றும் சொன்னார். ஓட்டுப் போட, ஊசி போட, புயலுக்கு ஒதுங்க, வெள்ளத்துக்கு ஒதுங்க. ஒதுங்க வந்தவர்களில் சிலர் திரும்பிப் போகவில்லை. அப்போதெல்லாம் அந்தக் கிழக்குக் கோடி அறையைத்தான் அதற்கு விட்டிருந்தார்கள். காலராவுக்கும் விட்டார்கள். அவர் இதைச் சொன்ன விதத்தில் வருத்தமும் இல்லை, பயமும் இல்லை. பஸ் ரூட் சொல்வதுபோல் சொன்னார். சுனாமியையும் எழுதட்டுமா என்று அவள் கேட்டாள். அவர் பேனாவை மூடிச் சட்டையில் செருகிக்கொண்டார்.

"அத எழுத வேணாம் டீச்சர்."

அவள் எழுதவில்லை.

அந்த வாரம்தான் அவள் முதன்முதலாக அதைக் கேட்டாள். வாசித்து முடித்துப் பதிவேட்டை மூடியிருந்தாள். வகுப்பு அமைதியாக இருந்தது, எங்கோ மரம் அறுக்கும் மெஷின் சத்தம் நின்று போயிருந்தது, ஓட்டிலிருந்து இரவுப் பனி ஒவ்வொரு சொட்டாகத் தரையில் விழுந்துகொண்டிருந்தது. அந்தச் சொட்டுகளுக்கு நடுவே, வராந்தாவின் கோடியிலிருந்து, சுவருக்கு அப்பால் யாரோ போர்வைக்குள்ளிருந்து பேசுவதைப்போல, ஒரு பையனின் குரல், "பிரசென்ட் சார்" என்றது. ஏழாம் வகுப்பாக இருக்கும் என்று நினைத்தாள். ஏழாம் வகுப்பை அதற்கு எதிர்ப்பக்கம் வேப்பமரத்தடியில் உட்காரவைத்திருந்தார்கள் என்பது மதியம்தான் நினைவுக்கு வந்தது. அதற்கு மறுநாள் அதே இடத்திலிருந்து, இன்னும் மெலிசாக, "ஆஜர்" என்றது. இந்தத் தடவை பிள்ளைகள் எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். அவள் கரும்பலகைப் பக்கம் திரும்பித் தேதியை எழுதினாள். எழுத்து கோணவில்லை. கோணியிருந்தால் அன்றைக்கே ஏதாவது செய்திருப்பாள்.

மாசி பிறந்த ஒரு காலை. மேகமூட்டம். வகுப்புக்குள் விளக்கு வைக்கிற நேரம்போல் மங்கல். ஜோதி மேரி குனிந்து வாசித்துக்கொண்டே போனாள். பையன்கள் முடிந்து பெண்பிள்ளைகள் வந்தார்கள். "பொன்னி." "உள்ளேன் டீச்சர்." "மோனிகா."

"உள்ளேன் டீச்சர்."

விரல் கோடு போட்டது. அடுத்த பெயருக்குப் போக வாயெடுத்தவள், குரல் முன் பெஞ்சிலிருந்து வரவில்லை என்பதை உணர்ந்து நிமிர்ந்தாள். மோனிகாவின் இடம் காலியாக இருந்தது. பக்கத்தில் உட்காரும் பொன்னி, அந்தக் காலி இடத்திலிருந்து எவ்வளவு தள்ளி உட்கார முடியுமோ அவ்வளவு தள்ளி, பெஞ்சின் நுனியில் ஒட்டிக்கொண்டிருந்தாள். மோனிகா எங்கே என்று கேட்டாள். வரவில்லை என்று தலையசைத்தார்கள். இப்போது பதில் சொன்னது யார் என்று கேட்டாள். எல்லோரும் வராந்தாவின் கிழக்குக் கோடியைப் பார்த்தார்கள்.

இடைவேளைக்கு முன்னால் திலகவதி கேட்டருகே வந்து நின்றாள். மீன் கூடையை இறக்காமலேயே பேசினாள். பிள்ளைக்கு ராத்திரியிலிருந்து ஜுரம், சொல்லிவிட்டுப் போகலாம் என்று வந்தாளாம்.

"தூக்கத்துல நீங்க கூப்பிட்டாப்பல இருந்துச்சாம் டீச்சர். எழுந்து உக்காந்து, உள்ளேன் டீச்சர்னுது. நான் பக்கத்துலதான் படுத்திருந்தேன், எனக்கு ஒன்னும் கேக்கல. அதுலருந்து ஒடம்பு நெருப்பாட்டம் கொதிக்குது."

ஜோதி மேரி, சரிம்மா, பார்த்துக்கொள்ளுங்கள் என்றாள். திலகவதி போகவில்லை. கூடையிலிருந்து தண்ணீர் அவள் தோளில் வழிந்துகொண்டிருந்தது. "ஒரே தடவையில பதில் சொல்லணும்னு சொல்லிக்குடுத்தீங்களா?" என்று கேட்டாள். குரலில் சண்டை இல்லை. பதிலுக்குக் காத்திருக்காமல் போய்விட்டாள்.

சத்துணவுக் கொட்டகையில் சோறு பொங்கிக்கொண்டிருந்த குப்புவிடம் போய் நின்றாள் ஜோதி மேரி. இந்தப் பள்ளியிலேயே பழைய ஆள் அவள்தான். அடுப்புச் சூட்டில் நின்றும் ஜோதி மேரிக்கு முதுகு சில்லிட்டது. அது என்னவென்று அவளுக்கு உடனே பிடிபடவில்லை. பயம். பயப்பட்டே வெகுகாலம் ஆகியிருந்தது.

"கடலோரத்துப் பழக்கம் டீச்சர்" என்றாள் குப்பு. "ஒரு தடவ கூப்பிட்டா யாரோ. ரெண்டு தடவ கூப்பிட்டாலும் யாரோ. மூணாந்தடவ கூப்பிட்டாத்தான் நம்ம மனுசங்க. அதுக்கு மூணு தடவ கூப்பிடத் தெரியாது."

எதற்கு என்று ஜோதி மேரி கேட்கவில்லை. குப்புவும் சொல்லவில்லை. துடுப்பால் சோற்றைக் கிளறியபடி, ஜோதி மேரி கேட்காத வேறொன்றைச் சொன்னாள். சுனாமியன்று, அந்த ஞாயிற்றுக்கிழமை, தண்ணீர் வந்து போன பிறகு, குப்பத்துப் பிள்ளைகளைக் கொண்டுவந்து கோடி அறையில்தான் கிடத்தினார்களாம். பாதிக்கு மேல் இந்தப் பள்ளியில் படித்ததுகள். யார் யாரென்று அடையாளம் தெரியவில்லை. அப்போதிருந்த பெரிய சார் அறை வாசலில் நின்று பெயர் வாசித்தார். பெயருக்கு ஒருவராகப் பெற்றவர்கள் உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வரட்டும் என்று.

"மூணு தடவ படிக்கணும்னு அவருக்குத் தோணல. கிளாஸ்ல படிக்கறாப்பல ஒரு தடவதான் படிச்சாரு. பழக்கம் பாருங்க."

"அப்புறம்?"

"பதில் வந்துச்சு."

சோறு கொதித்தது. குப்பு விறகை இழுத்துத் தணலைக் குறைத்தாள்.

"அன்னிலருந்து இங்க பேரு கூப்பிடறதில்ல. பேரு தெரிஞ்சாத்தான கூப்பிடும். தச்சிணாமூர்த்தி வாத்தியார்கூட மறந்தாப்பல புயலன்னிக்கி ஒரு பேரு கூப்பிட்டாரு, ஒதுங்க வந்த கூட்டத்துல. இப்ப அவருக்குப் பேச்சு வர்லன்னு சொல்றாங்க. நீங்க வந்து தெனம் படிச்சீங்க. எல்லாப் பேரையும். வரிசையா."

மோனிகா ஒரு வாரம் கழித்து வந்தாள். ஜுரம் விட்டிருந்தது. சிவப்பு ரிப்பன் ஒழுங்காகக் கட்டியிருந்தது. உட்கார் என்றால் உட்கார்ந்தாள், எழுது என்றால் எழுதினாள். வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லை. கண் எங்கே பார்க்கிறதோ அங்கேயே நின்றது. ஜோதி மேரி அவள் கையைப் பிடித்தாள். குளத்துப் படியைத் தொட்டதுபோல் ஈரமாக, சில்லென்று இருந்தது. தேங்காயெண்ணெய் வாடை இல்லை. கருவாட்டு வாடை இல்லை. ஆற்றுச் சேற்றின் வாடை மட்டும் வந்தது. அரசாஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, புயலில் பயந்திருக்கிறது, சரியாகிவிடும் என்று டானிக் எழுதிக் கொடுத்தார்களாம். திலகவதி அதைச் சொல்லும்போது பிள்ளையைத் தன் இடுப்போடு இறுக்கிக்கொண்டிருந்தாள். பிள்ளை இடுப்பை அணைக்கவில்லை. கைகள் தொங்கிக்கொண்டிருந்தன.

ஜோதி மேரி பெயர் வாசிப்பதை நிறுத்திவிட்டாள். அதனால் எதுவும் நிற்கவில்லை. வாசிக்கிற நேரம் வந்ததும் வகுப்பு தானாக அடங்கியது. பிள்ளைகள் காதைக் கொடுத்தார்கள். அவளுக்கு ஒன்றும் கேட்காது. திடீரென்று ஒரு பிள்ளை எழுந்து, அவளைப் பார்க்காமல் கதவுப் பக்கம் பார்த்து, "உள்ளேன் டீச்சர்" என்று சொல்லிவிட்டு உட்காரும். அன்று ராத்திரி அதற்கு ஜுரம் வரும். மணிவண்ணனுக்கு வந்தது. அப்புறம் விஜயகுமாருக்கு. ஜுரம் விட்டு வந்த பிள்ளைகளை அவள் முன் வரிசையில் சேர்த்து உட்காரவைத்தாள். அவர்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அவ்வளவு அடக்கமான பிள்ளைகளை எந்தப் பள்ளியிலும் பார்க்க முடியாது.

தைரியராஜ் மெடிக்கல் லீவ் போடச் சொன்னான். சுப்பராயலு ஏப்ரல் வரைக்கும் பல்லைக் கடித்துக்கொள்ளச் சொன்னார். ஜோதி மேரி ராத்திரி சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்திருந்தபோது, தன் மடியில் ஈரமாக ஏதோ விழுவதைப் பார்த்தாள். அழுதுகொண்டிருக்கிறோம் என்று தெரிந்தது. யாருடைய பிள்ளைக்கோ. தன் வயிற்றில் தங்காமல் போனதற்கு வராத அழுகை, விரலிடுக்கில் சிரித்த ஒரு பிள்ளைக்காக வந்தது. அந்தப் பிள்ளையைக் கோடி அறைக்குக் கொடுத்தவள் தான்தான். தானேதான் திருப்பி வாங்கவேண்டும். மூன்று தடவை கூப்பிட்டால் நம் மனிதர்கள் என்று அர்த்தம். நம் மனிதர்கள் கூப்பிட்டால் பிள்ளை வெளியே வரும். இதற்கு மேல் அவளுக்கு எதுவும் யோசிக்கத் தெரியவில்லை.

மறுநாள் கடைசி பீரியட். வானம் மறுபடி மூடிக்கொண்டிருந்தது. கடற்காற்று விழுந்துபோயிருந்தது. அவள் வகுப்பை வராந்தாவில் வரிசையாக நிற்கவைத்தாள். எல்லோரும் வாயைப் பொத்திக்கொள்ளுங்கள் என்றாள். என்ன கேட்டாலும் கையை எடுக்கக் கூடாது, யார் குரல் கேட்டாலும் கூடாது, நான் போகச் சொல்லும்வரை எடுக்கக் கூடாது. பிள்ளைகள் இரண்டு கையாலும் பொத்திக்கொண்டார்கள். ஜுரம் வந்து போனதுகளும் பொத்திக்கொண்டன. அவள் மோனிகாவின் முழங்கையைப் பிடித்துக் கோடி அறைக்கு நடத்திப்போனாள்.

கதவு பெரியது. பழைய மரம். அடியில் ஒரு விரல் உயரத்துக்கு உப்புப் பூத்திருந்தது. பூட்டு துருவேறி ஒன்றாகிவிட்டிருந்தது. இடுக்கு வழியே உள்ளிருந்து குளிர் வந்தது. ஓடெல்லாம் பறந்துபோன அறைக்குள் வெளிச்சம் இருக்க வேண்டும். இல்லை. நல்ல இருட்டு.

அவள் சிலுவை போட்டுக்கொண்டாள்.

"மோனிகா."

ஒன்றுமில்லை. உள்ளே ஏதோ சொட்டியது.

"மோனிகா."

பெஞ்சு நகரும் சத்தம். நிறையப் பேர் ஒரே சமயத்தில் நிமிர்ந்து உட்காரும் சத்தம்.

"மோனிகா. நான்தாம்மா. வெளிய வா."

"உள்ளேன் டீச்சர்."

கதவுக்கு மறுபுறம். அவள் வயிற்றின் உயரத்தில். அதே குரல், கத்திவிட்டுப் பயந்துகொள்ளும் அதே குரல். பக்கத்தில் நின்ற மோனிகா தன் கைகளால் வாயைப் பொத்தியபடியே இருந்தாள். உள்ளேன். ஜோதி மேரி எத்தனை காலமாக அதைக் கேட்டிருக்கிறாள். அந்தச் சொல்லுக்குள் என்ன இருக்கிறது என்று இன்றைக்குத்தான் காதில் விழுந்தது.

வா என்று மறுபடி சொல்ல வாயைத் திறந்தாள். அதற்குள் உள்ளிருந்து கூப்பிட்டது. அவளுடைய குரல். தலையைக் குனிந்துகொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல், அலுப்போடு வாசிக்கும் அவளுடைய குரல்.

"ஜோதி மேரி."

ஒரே தடவைதான்.

பாவாடை கட்டிய காலத்திலிருந்து பள்ளிக்கூடத்திலேயே கிடந்தவள். வாய் அவளைக் கேட்கவில்லை.

"உள்ளேன்" என்றாள்.

சொட்டுவது நின்றது.

குளிர் நெஞ்சுக்குள் இறங்கியது. வலிக்கவில்லை. பிறகு எதுவுமே தெரியவில்லை, பயம்கூட. மோனிகாவின் முழங்கையைப் பிடித்திருந்தது தெரிந்தது, ஆனால் அது கையா தூணா என்று தெரியவில்லை. திரும்பி நடந்தாள். வரிசைக்கு முன்னால் வந்து நின்றாள்.

குப்பு தண்டவாளத் துண்டில் நீள மணி அடித்தாள். மற்ற வகுப்புப் பிள்ளைகள் பைகளைத் தூக்கிக்கொண்டு சாய்ந்து கிடந்த மரத்தைத் தாண்டி ஓடினார்கள். ஆறாம் வகுப்பு நின்றது. வாயைப் பொத்தியபடி. டீச்சர் இன்னும் போகச் சொல்லவில்லை.

ஜோதி மேரி சொன்னாள். உதடு அசைந்தது. சத்தம் இல்லை, குரல் கோடி அறைக்குள்ளேயே தங்கிவிட்டிருந்தது. மறுபடி சொன்னாள். மறுபடி. பிள்ளைகள் எல்லோரும் அவள் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வெளிச்சம் குறைந்தது. கேட்டுக்கு வெளியே பெற்றவர்கள் வந்து சேர்ந்தார்கள். சுப்பராயலு ஆபீஸ் அறை வாசலில், மாத்திரை அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். கிட்டே வரவில்லை. கேட்டைப் பிடித்துக்கொண்டு திலகவதி கூப்பிட்டாள்.

"மோனிகா."

பிள்ளை திரும்பவில்லை. ரிப்பன் அசையவில்லை.

"மோனிகா."

திலகவதி கூடையைக் கீழே வைத்தாள். இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு, அடிவயிற்றிலிருந்து, மனுசி கூப்பிடுகிற கூப்பிடலாக, மூன்றாந்தடவை கூப்பிட்டாள்.

கோடி அறைக்குள்ளிருந்து பதில் வந்தது.

அவளுக்குப் பக்கத்தில் நின்ற பெண் பொன்னியைக் கூப்பிட்டாள். ஒரு தடவை. இரண்டு தடவை. மூன்றாந்தடவை. அறைக்குள்ளிருந்து பதில் வந்தது. பிறகு இன்னொருத்தி. பிறகு ஒரு தகப்பன். கேட்டை உலுக்கிக்கொண்டு, ஒருவர் பெயர் முடிவதற்குள் இன்னொருவர் பெயராக, எல்லோரும் கூப்பிட்டார்கள். வராந்தாவில் ஒரு கைகூட வாயைவிட்டு இறங்கவில்லை. பூட்டிய கதவுக்குப் பின்னால் பிள்ளைகள் ஒவ்வொருவராக எழுந்து, தெளிவாக, ஒழுங்காக, 'உள்ளேன்' என்று சொல்லி உட்கார்ந்துகொண்டிருந்தார்கள்.